அக்குள் வியர்வைக்கு அல்ட்ராசவுண்ட்: சோதனை எதுவரை வந்திருக்கு? மரக்காணம் உப்பளத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

சென்னையிலிருந்து ஈசிஆரில் புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு மரக்காணம் வந்துவிட்டது என்று சொல்ல போர்டு தேவையில்லை. சாலையோரம் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்பில் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல். கார் கண்ணாடி ஏற்றியிருக்கும், ஏசி ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்து சீட்டில் இருப்பவர் போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தால், நடுவில் ஏதாவது ஒரு ஸ்கின் கிளினிக் விளம்பரம் எட்டிப்பார்க்கும். முகத்தைத் 'டைட்' பண்ணுவதற்கு வந்த ஹைஃபு எனும் அல்ட்ராசவுண்ட் சிகிச்சை இப்போது பேச்சில் அக்குள் வியர்வை வரைக்கும் இறங்கியிருக்கிறது. ஊசி இல்லை, கத்தி இல்லை, சட்டையில் ஈர வட்டமும் இருக்காது என்பது அதன் வாக்குறுதி.

கண்ணாடிக்கு வெளியே பாத்தியில் உப்பு வாருகிறவருக்கும் வியர்க்கிறது. அவருக்கு அது நின்றுபோனால்தான் பிரச்சினை.

இந்த இரண்டு வியர்வையையும் ஆய்வாளர்கள் தனித்தனியாக அளந்திருக்கிறார்கள். ஒன்று அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில், இன்னொன்று தமிழ்நாட்டு உப்பளங்களில். கிளினிக்கில் பணம் கட்டும் முன் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது.

எவ்வளவு வியர்த்தால் 'அதிகம்'?

மே மாதம் மின்சார ரயிலில் நின்றுகொண்டு போகிற எல்லோருக்கும் வியர்க்கும். அது நோய் அல்ல. மருத்துவர்கள் 'ஹைப்பர்ஹைட்ரோசிஸ்' என்று சொல்வது, உடலைக் குளிர்விக்கத் தேவையான அளவைத் தாண்டி வியர்ப்பதை. ஏசி அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அக்குள் நனைகிறது, இன்டர்வியூவுக்குப் போகும்போது கறுப்புச் சட்டையைத் தேடிப் போட வேண்டியிருக்கிறது, கையைத் தூக்கி பஸ் கம்பியைப் பிடிக்கவே கூச்சமாக இருக்கிறது என்றால் அது இந்த வகையாக இருக்கலாம்.

வேறு நோய் எதுவும் காரணமில்லாமல் வரும் இந்த வகைக்கு சில அடையாளங்கள் உண்டு. பெரும்பாலும் 25 வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வியர்க்கும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அத்தைக்கோ இருந்திருக்கும். தூங்கும்போது நின்றுவிடும். இந்தக் கடைசி அடையாளம் முக்கியம். ராத்திரி தூக்கத்தில் படுக்கை நனைகிற அளவு வியர்த்தால் அழகு கிளினிக் பக்கமே போகக் கூடாது. நேராகப் பொது மருத்துவரிடம் போக வேண்டும். காசநோய், தைராய்டு, சர்க்கரை இறங்குவது, சில மாத்திரைகள் என்று அதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம்.

எவ்வளவு தீவிரம் என்பதை அளக்க மருத்துவர்கள் 4 படி கொண்ட ஓர் எளிய அளவுகோலை வைத்திருக்கிறார்கள். வியர்வையைக் கவனிக்கவே இல்லை, தினசரி வேலையைக் கெடுக்கவில்லை என்றால் 1. தாங்க முடியவில்லை, எப்போதும் கெடுக்கிறது என்றால் 4. மூன்றும் நான்கும் 'தீவிரம்'. அமெரிக்காவில் 2016-ல் வந்த ஒரு மதிப்பீடு, மக்கள்தொகையில் 4.8% பேருக்கு இந்தப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னது. அதாவது இருபது பேரில் ஒருவர். வெட்கப்பட்டு வெளியே சொல்லாததால் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொள்கிறவர்கள் இதில் நிறைய பேர்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். அக்குள் வியர்வைக்குத் தானாகப் பெரிய வாடை கிடையாது. தோலில் இருக்கும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் வருகிறது. டியோடரண்ட் அந்த வாடையை மட்டும் மறைக்கும். வியர்வையைக் குறைப்பது ஆன்டிபெர்ஸ்பிரன்ட். கடையில் இரண்டும் ஒரே ஷெல்ஃபில் இருக்கும், லேபிளைப் படித்தால்தான் தெரியும்.

அல்ட்ராசவுண்ட் உள்ளே போய் என்ன செய்கிறது?

கர்ப்ப காலத்தில் எடுக்கும் ஸ்கேனும் அல்ட்ராசவுண்ட்தான். அங்கே ஒலி அலை பரவலாகப் போய்த் திரும்பி வந்து படம் காட்டுகிறது. இங்கே அதே வகை அலையை ஒரு புள்ளியில் குவிக்கிறார்கள். சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைப் பொசுக்கிய ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே கையை வைத்தால் சுடாது, புள்ளி விழுகிற இடம்தான் பொசுங்கும். அதே கதைதான். தோலின் மேற்பரப்பைத் தொடாமல், சில மில்லிமீட்டர் ஆழத்தில் மட்டும் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றி, அங்கே இருக்கும் திசுவைப் புள்ளி புள்ளியாக வேக வைப்பது.

அக்குளில் வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் தோலின் அடிப்பகுதியும் கொழுப்பும் சந்திக்கிற இடத்தில் இருக்கின்றன. முகத்துக்கென்று வடிவமைத்த கருவி குறிவைக்கும் 3 மில்லிமீட்டர், 4.5 மில்லிமீட்டர் ஆழமும் கிட்டத்தட்ட அந்த இடத்துக்கே வருகிறது. முகச் சுருக்கத்துக்கு வாங்கிய மெஷினை அக்குளில் வைத்துப் பார்க்கலாமே என்ற யோசனை அப்படி வந்ததுதான்.

சோதனையில் என்ன தெரிந்தது?

ஃப்ளோரிடாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் மார்க் நெஸ்டரும் ஹியுன்ஹீ பார்க்கும் 2014-ல் இரண்டு முன்னோட்டச் சோதனைகளின் முடிவை வெளியிட்டார்கள். இரண்டிலும் கலந்துகொண்டவர்களைக் கூட்டினாலும் நாற்பது பேர் வரமாட்டார்கள். சின்னச் சோதனைதான், ஆனால் ஏனோதானோ என்று செய்யவில்லை. யாருக்கு நிஜ சிகிச்சை, யாருக்குப் போலி சிகிச்சை என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். போலி என்றால், கருவியை வைப்பார்கள், ஆனால் சுடுகிற ஆற்றல் போகாது. தனக்குக் கிடைத்தது எது என்று கலந்துகொண்டவருக்குத் தெரியாது.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு? வியர்வையை அளப்பது ரத்த அழுத்தம் பார்ப்பது போல எளிதல்ல. பதற்றமாக இருந்தால் கூடும், மருத்துவர் கவனித்துக்கொள்கிறார் என்ற நிம்மதியிலேயே குறையும். சிகிச்சைக்கு ஆள் வருவதும் பிரச்சினை உச்சத்தில் இருக்கும்போதுதான், அதற்குப் பிறகு தானாகவே கொஞ்சம் இறங்கும். நம் ஊரில் மே மாதம் சிகிச்சை எடுத்துவிட்டு டிசம்பரில் அளந்தால், தண்ணீரைத் தடவிவிட்டிருந்தாலும் 'நல்ல முன்னேற்றம்' தெரியும். கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் 'முன்-பின்' படங்கள் எதையும் நிரூபிக்காததற்கு இதுதான் காரணம்.

அளக்கும் முறை கேட்கவே வேடிக்கையாக இருக்கும். ஒரு வடிதாளை எடைபோட்டு, அக்குளில் 5 நிமிடம் வைத்து, மறுபடி எடைபோடுவார்கள். கூடின மில்லிகிராம்தான் வியர்வை. எந்த இடத்தில் வியர்க்கிறது என்று பார்க்க அயோடினைத் தடவிக் காயவைத்து மேலே மாவுச்சத்துப் பொடியைத் தூவும் முறையும் உண்டு. வியர்வை பட்ட இடம் கருநீலமாகும். பள்ளி லேபில் உருளைக்கிழங்குத் துண்டில் அயோடின் சொட்டு விட்டது இதே வேதியியல்தான்.

முடிவு நம்பிக்கை தருவதாகவே இருந்தது. வியர்வை பாதியாவது குறைந்தால் 'பலன்' என்று வைத்துக்கொண்டு பார்த்தபோது, நிஜ சிகிச்சை பெற்றவர்களுக்கும் போலி பெற்றவர்களுக்கும் தெளிவான வித்தியாசம் இருந்தது. வலி, சிவப்பு, வீக்கம் போன்றவை வந்து போயின.

பிறகு ஏன் இதை எல்லா மருத்துவரும் எழுதித் தருவதில்லை? முன்னோட்டச் சோதனையின் வேலை, பெரிய சோதனை நடத்துவது வீண் போகாதா என்று பார்ப்பது மட்டும்தான். நாற்பது பேருக்குள் நடந்ததை வைத்து, வெவ்வேறு நிறுவனங்களின் வெவ்வேறு மெஷின்கள் எல்லாவற்றுக்கும் அதே பலன் என்று சொல்ல முடியாது. அந்தச் சோதனையில் பயன்பட்ட வகைக் கருவி, சுடுவதற்கு முன் தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று திரையில் காட்டும். இது சும்மா ஆடம்பரமல்ல. அக்குளின் ஆழத்தில் கைக்குப் போகும் நரம்புகளும் ரத்தக்குழாய்களும் கட்டுக்கட்டாக ஓடுகின்றன. திரையே இல்லாத மெஷினை ஒரு நாள் பயிற்சி எடுத்தவர் பார்லரில் வைத்து இயக்குவது வேறு விஷயம். அமெரிக்காவின் எஃப்டிஏ இந்த வகைக் கருவிக்கு அனுமதி கொடுத்ததும் புருவம், தாடைக்குக் கீழே, கழுத்து, மார்பின் மேல்பகுதி போன்ற இடங்களின் சருமத்துக்குத்தான்.

சுருக்கமாக, இது பொய் இல்லை, ஆனால் முழுதாக நிரூபணமானதும் இல்லை. முதல் படியிலேயே இதற்குப் பணம் கட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் கிடையாது.

அப்போ என்னதான் செய்யறது?

மலிவானதிலிருந்து தொடங்க வேண்டும். அலுமினியம் குளோரைடு கலந்த மருந்தை மருந்துக் கடையில் வாங்கலாம். காலையில் குளித்துவிட்டு அவசரமாகப் பூசிக்கொண்டு ஓடுபவர்களுக்கு அது சரியாக வேலை செய்யாது, எரிச்சல்தான் மிஞ்சும். ராத்திரி படுக்கும் முன், நன்றாகக் காய்ந்த தோலில் பூச வேண்டும். வியர்வை குறைவாக இருக்கும் நேரத்தில்தான் அது சுரப்பியின் வாயில் படிந்து அடைக்கும். காலையில் கழுவிவிடலாம். நிறைய பேருக்கு இதுவே போதும்.

அதற்கு அடுத்தது போடாக்ஸ் ஊசி. அக்குளின் தீவிர வியர்வைக்கு 2004-லேயே எஃப்டிஏ அனுமதி பெற்றது. சுரப்பிக்கு வரும் நரம்புச் சமிக்ஞையைத் தடுக்கும். சில மாதங்களில் அதன் வேகம் தீர்ந்துவிடும், மறுபடி போட வேண்டும், மறுபடி செலவு. சுரப்பியையே சூட்டில் அழிக்கும் மைக்ரோவேவ் கருவிக்கு 2011-ல் அனுமதி கிடைத்தது. அல்ட்ராசவுண்டுக்கு நேரடிப் போட்டி இதுதான்; இந்த வேலைக்கான சான்றில் இப்போதைக்கு முன்னால் நிற்பதும் இதுதான். அக்குளில் துடைத்துக்கொள்ளும் மருந்துத் துணி 2018-லும், சோஃபைரோனியம் என்ற ஜெல் 2024-லும் அங்கே அனுமதி பெற்றன.

மார்புக்குள் நரம்பை வெட்டும் அறுவை சிகிச்சையும் உண்டு. அதில் அக்குள் காய்ந்துவிடும், ஆனால் முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் கொட்ட ஆரம்பிக்கலாம். உடல் தனக்குத் தேவையான குளிர்ச்சியை வேறு வழியில் தேடிக்கொள்கிறது.

சுரப்பியை அழிச்சா உடம்பு சூடாகாதா?

இது பலரும் கேட்கிற, நியாயமான கேள்வி. மனித உடலில் 20 லட்சத்திலிருந்து 40 லட்சம் வரை வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. அக்குளில் இருப்பது அதில் மிகச் சிறு பகுதி. அக்குள் மூடிக்கிடக்கும் இடம் என்பதால் அங்கே வரும் வியர்வை லேசில் ஆவியாவதும் இல்லை, துணியில்தான் ஊறுகிறது. குளிர்ச்சி தருவது நெற்றியும் மார்பும் முதுகும் கைகளும்தான். ஆகவே அக்குளை மட்டும் காயவைப்பதால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்குப் பெரிய ஆபத்து இல்லை.

ஆனால் மாத்திரை அப்படியல்ல. அதிக வியர்வைக்குச் சிலருக்கு கிளைக்கோபைரோலேட், ஆக்சிபியூட்டினின் போன்ற மாத்திரைகள் தரப்படுகின்றன. இவை அக்குள், உள்ளங்கை என்று இடம் பார்க்காது. உடல் முழுக்க வியர்வையைக் குறைக்கும். ஏசி அறைக்காரருக்கு வாய் உலர்வதோடு போகலாம். வெயிலில் நிற்பவருக்கு உடலின் ஒரே கூலரை அணைத்துவிடுவது மாதிரி. டெலிவரி வேலை, கட்டட வேலை, வயல், உப்பளம் என்று பகலெல்லாம் வெளியே இருப்பவர்கள் இந்த மாத்திரையைத் தாங்களாக வாங்கிப் போடவே கூடாது. மருத்துவர் எழுதினாலும், என்ன வேலை செய்கிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஓ.பி.யில் இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதும் அவசரத்தில் அவர் கேட்க மறந்திருக்கலாம்.

தோலிலிருந்து ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் கிட்டத்தட்ட 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். வேறு எந்த வழியிலும் உடலால் இவ்வளவு சூட்டை வெளியே தள்ள முடியாது. காற்றின் வெப்பம் தோலின் வெப்பத்தைத் தாண்டிவிட்டால் வியர்வை மட்டும்தான் மிச்சம். சொட்டிக் கீழே விழுந்தால் பயனில்லை, ஆவியாக வேண்டும். மரக்காணத்தில் சிக்கலே அங்கேதான்.

உப்பளத்தில் அளந்த வியர்வை

உப்பளத்தில் கடல்நீரை, அல்லது கழிமுகத்து உவர்நீரை, ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு நகர்த்தி நகர்த்திக் காய்ச்சுகிறார்கள். அடுப்பு சூரியன். உப்புப் படிந்ததும் நீண்ட கழியில் பொருத்திய பலகையால் வாரி வரப்பில் குவிப்பார்கள். பிறகு கூடையில் அள்ளித் தலைச்சுமையாக எடுத்துப் போய்க் கொட்ட வேண்டும். அதில் பெரும்பகுதி பெண்கள். கால் நாள் முழுக்க உவர்நீரில் கிடக்கும். மேலே வெயில், கீழே வெள்ளை உப்பு அதே வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். எந்த நேரத்தில் எல்லோரும் நிழலைத் தேடுகிறார்களோ அந்த நேரத்தில்தான் உப்பு நன்றாக விளையும். வெயில் நல்லா இருந்தால்தான் கூலி. வெயில் நல்லா இருந்தால் உடம்பு கெடும்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆய்வு செய்தார்கள். முடிவு 2023-ல் வெளியானது. வேலை தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் இதயத் துடிப்பு, உடலின் உள் வெப்பநிலை, எவ்வளவு வியர்த்தது, சிறுநீரின் தன்மை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். ஃப்ளோரிடாவில் வடிதாளில் மில்லிகிராம் எண்ணினார்கள் என்றால், இங்கே ஒரு ஷிஃப்டில் உடலிலிருந்து எவ்வளவு தண்ணீர் போய்விட்டது என்று பார்த்தார்கள்.

பத்தில் ஒன்பது பேர் பரிந்துரைக்கப்பட்ட வெப்ப வரம்புக்கு மேல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். எல்லோருடைய வேலையும் மிதமான அல்லது கடுமையான உழைப்பு, லேசான வேலை என்று ஒன்றும் இல்லை. 7% பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது.

வியர்வைக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு? வியர்வையாகப் போன தண்ணீரைத் திரும்பக் குடிக்காவிட்டால் ரத்தத்தில் நீர் குறையும். உடல் தோலுக்கும் தசைக்கும் முன்னுரிமை கொடுக்கும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறையும். ஒரு நாள் இப்படி ஆனால் சிறுநீரகம் சமாளித்துவிடும். ஆண்டுக்குப் பல மாதம், பல ஆண்டு தொடர்ந்தால் தழும்பு விழும். நிகரகுவாவிலும் எல் சால்வடாரிலும் கரும்பு வெட்டும் இளைஞர்கள், சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இல்லாமலே, சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனதை ஆராய்ந்தபோதுதான் உலகம் இதைக் கவனிக்க ஆரம்பித்தது.

குடிச்சா போதுமே, ஏன் குடிக்கிறதில்லை? பாத்தியில் நல்ல தண்ணீர் இருக்காது, வீட்டிலிருந்து பாட்டிலில் எடுத்துப் போனதுதான். பெண்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. கண்ணுக்கு எட்டின தூரம் வரை சமதளம். கழிப்பறை இல்லை, ஒதுங்க ஒரு மரமோ புதரோ இல்லை. அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். தண்ணீர், கழிப்பறை, நிழலில் ஓய்வு ஆகிய மூன்றும் இல்லாததை அந்த ஆய்வும் சுட்டிக்காட்டியது. அதே நிறுவனம் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து நடத்தி 2024-ல் வெளியான இன்னோர் ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. அவர்களில் வயலிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்தவர்களோடு உப்பளத்துப் பெண்களும் இருந்தார்கள்.

'ஹீட்வேவ்' கணக்கில் வராத வெயில்

கடற்கரை நிலையத்தில் அதிகபட்ச வெப்பநிலை 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடுதலாக இருந்தால்தான் இந்திய வானிலை ஆய்வு மையம் அதை வெப்ப அலை என்று சொல்லும். மரக்காணத்தில் ஒரு நாள் 35 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். போனில் வெதர் ஆப்பில் பார்த்தால் சாதாரணக் கோடை நாள். எச்சரிக்கை எதுவும் வராது.

ஆனால் தொழில் சுகாதாரத்தில் பார்ப்பது வேறொரு அளவை. ஈரக் குமிழ் வெப்பநிலைக்கு 70%, நேரடி வெயிலின் சூட்டை வாங்கும் கறுப்புக் கோள வெப்பநிலைக்கு 20%, நாம் வழக்கமாகச் சொல்லும் காற்றின் வெப்பநிலைக்கு வெறும் 10% எடை கொடுத்துக் கணக்கிடுவது. ஈரப்பதத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏனென்றால், காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாது, சும்மா வழியும். வேலூரின் 40 டிகிரி வறண்ட வெயிலில் காய்ந்துவிடும் வியர்வை, கடற்கரையின் 35 டிகிரியில் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த அளவையில் மிதமான வேலையை இடைவிடாமல் செய்ய சுமார் 28 டிகிரிதான் வரம்பு. கடலோரத்தில் கோடையில் அதைத் தாண்ட வெப்ப அலையெல்லாம் தேவையில்லை.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்க வேண்டிய முடிவுதான். ஆனால் உப்பளத் தொழிலாளிக்கு நடப்பது பெரும்பாலும் ஒரே நாளில் மயங்கி விழும் மரணம் அல்ல. பத்து, பதினைந்து வருடம் வேலை செய்து, நாற்பது வயதைத் தாண்டி, கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கிரியேட்டினின் ஏறியிருக்கிறது என்று சொல்வார்கள். டயாலிசிஸ் படுக்கையில் இருப்பவரின் கேஸ் ஷீட்டில் 'வெயில்' என்று யாரும் எழுதப்போவதில்லை. 4 லட்ச ரூபாய் திட்டத்தில் அந்தக் குடும்பம் நுழைய வழியும் இருக்காது.

மருந்து தெரியும், விலையும் அதிகமில்லை

அல்ட்ராசவுண்ட் விஷயத்தில் கேள்வி 'வேலை செய்யுமா' என்பது. உப்பள விஷயத்தில் அந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் கிடைத்துவிட்டது. நிகரகுவாவில் ஒரு பெரிய கரும்பு ஆலை தண்ணீர், ஓய்வு, நிழல் என்ற மூன்றையும் ஒழுங்காகக் கொண்டுவந்து, இடைவேளைகளைக் கட்டாயமாக்கி, கூடுதலாகவும் ஆக்கியபோது, அடுத்தடுத்த அறுவடைப் பருவங்களில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். தண்ணீரை மட்டும் கொடுத்து இடைவேளை கொடுக்காமல் விட்டால் பெரிய பலனில்லை என்பதும் அங்கே கற்றுக்கொண்ட பாடம். உடல் சூடாவதை நிறுத்தாமல் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் எப்படி?

வெயிலில் வேலை செய்பவர்களுக்கான பொதுவான அறிவுரை, தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் 15-20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர். பல மணி நேரம் தொடர்ந்து வியர்த்தால் தண்ணீரோடு உப்பும் திரும்பிப் போக வேண்டும். உப்பளத்துக்காரருக்கே உப்பா என்று சிரிப்பு வரலாம். ஆனால் பாத்தியில் கால் ஊறுவதால் உடலுக்குள் உப்பு ஏறாது. உப்புப் போட்ட கஞ்சியும் மோரும் காலையில் தூக்கில் கொண்டுபோகும் பழக்கம் இந்த விஷயத்தில் சரியான மருத்துவம்தான். வெயிலுக்குப் பழகிய உடலும் இதைத் தன் வழியில் செய்கிறது. ஒன்றிரண்டு வாரத்தில் வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் வரத் தொடங்கும், அதில் உப்பின் அளவு குறையும். மழை முடிந்து பருவம் தொடங்கும் முதல் சில நாட்களில் உடல் இன்னும் அந்த நிலைக்கு வந்திருக்காது. அந்த நாட்களில் முழு வேலை வாங்காமல் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்று தொழில் சுகாதார வல்லுநர்கள் சொல்வது இதனால்தான்.

இதற்கெல்லாம் என்ன வேண்டும்? பாத்தி ஓரத்தில் நகர்த்திப் போடக்கூடிய கூரை, ஒரு டேங்கர் நல்ல தண்ணீர், பெண்களுக்குக் கதவு உள்ள கழிப்பறை, ஆண்டுக்கு ஒரு தடவை கிரியேட்டினின் சோதனை. ஆராய்ச்சிக்கூடம் தேவைப்படுகிற விஷயம் ஒன்றுகூட இந்தப் பட்டியலில் இல்லை. கொத்தாக ஆட்களை வேலைக்கு வைக்கும் தொழிற்சாலையாக இருந்தால் யார் கட்டித்தர வேண்டும் என்பது தெளிவு. உப்பளத்தில் நிலம் ஒருவருடையது, குத்தகை ஒருவருடையது, வேலைக்கு ஆள் சேர்ப்பவர் வேறொருவர், கூலி நாள் கணக்கு. கழிப்பறையை யார் கட்டுவது என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டலாம்.

உப்பளத் தொழிலாளர்களை அரசு கண்டுகொள்ளவே இல்லை என்றும் சொல்ல முடியாது. உப்பு விளையாத அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழை மாதங்களுக்கு ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழ்நாடு அரசு 2021-ல் அறிவித்தது. யார் உப்பளத் தொழிலாளி என்ற பட்டியல் அதற்காகவே தயாரிக்க வேண்டியிருந்தது. சிறுநீரகப் பரிசோதனை முகாமோ, கோடைக்கால ஓய்வு நேர விதியோ கொண்டுவர வேண்டுமென்றால் ஆட்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. பெயர்கள் கையில் இருக்கின்றன. இப்போதைக்கு அந்தப் பட்டியல் பயன்படுவது வேலை இல்லாத, வெயிலும் இல்லாத மூன்று மாதங்களுக்கு.